தோலுக்கும் பூணுக்கும் நடுவுல

துப்பாக்கி இல்லீங்க. பயப்படாம உக்காருங்க. ஏறினதுல இருந்து என் மடியையே பாத்துட்டு வரீங்க, அதான் நானே சொல்லீட்டேன். நாதஸ்வரமும் இல்லீங்க. போன வாரம் ஒரு அம்மா இதப் பாத்துட்டு, எந்த முகூர்த்தத்துக்கு வாசிக்கப் போறீங்கன்னு கேட்டுப்போட்டாங்க. இது கியூங்க. பூல் வெளையாடற கோலு. பச்சைத் துணி போட்ட மேசை, கலர் கலராப் பந்து, ஆறு குழி. சினிமாவுல வில்லனுக சிகரெட்டப் புடிச்சுக்கிட்டு ஆடுவானுகளே, அதேதான். நாங்க வில்லன் இல்லீங்க. பொள்ளாச்சியில ரிக்ரியேசன் கிளப்புல சாயங்காலம் சுண்டல் தின்னுட்டு ஆடறவங்க.

கண்டக்டர், இது கிணத்துக்கடவுல பாலத்துக்குக் கீழதான போகுது? சும்மா கேட்டனுங்க. எனக்கு உக்கடம்தான். டிக்கெட்டும் உக்கடத்துக்குத்தான் எடுத்திருக்கறேன், பாருங்க. சில வண்டி மேல ஏறிப் போயிருது, சில வண்டி கீழ போகுது. தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லதில்லீங்களா.

எம் பேரு தெய்வசிகாமணிங்க. மோட்டாருக்குக் காயில் கட்டற பட்டறை வெச்சிருக்கறேன். முப்பத்தி நாலு வருசமாச்சு. எங்க சுத்துவட்டாரத்துல கெணத்து மோட்டாரு புகைஞ்சுதுன்னா எங்கிட்டத்தான் வரும். செம்புக் கம்பிய இழுத்து இழுத்துச் சுத்தற வேலை. மணிக்கட்டு வலிக்குமேன்னு எல்லாரும் கேக்கறாங்க. எனக்கு வலியெல்லாம் இல்லீங்க. வலின்னு உங்ககிட்ட யாராச்சும் சொன்னா, அது என் வீட்டுக்காரி சுலோசனா கெளப்பி வுட்டதா இருக்கும்.

அர்த்தநாரியப் பத்திச் சொல்லோணும். அவனைச் சொல்லாம இந்தக் கோலப் பத்திச் சொல்ல முடியாது. கிணத்துக்கடவுல தேங்கா மண்டி வெச்சிருக்கறான். பள்ளிக்கூடத்துல இருந்து ஒட்டுக்காத் திரிஞ்சவங்க. அவன் என்னை மாப்ளம்பான், நான் அவனை மாப்ளம்பேன், சொந்தம்னு பாத்தா ஒண்ணும் இல்லீங்க. தெனமும் சாயங்காலம் மண்டிய மூடிட்டு பொள்ளாச்சிக்கு வந்து எங்கூட ஆடிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். இருபத்தி ரெண்டு வருசம் அப்படி. மழையா இருந்தாலும் வருவான். அவன் பொண்ணு கல்யாணத்துக்கு மொத நாளு கூட வந்தான், பந்தல்காரன் தேடிக்கிட்டு கிளப்புக்கே வந்துட்டான்.

எங்க கிளப்புல வருசா வருசம் பந்தயம் நடக்கும். ஜெயிச்சவன் பேர ஒரு தேக்குப் பலகையில மஞ்சப் பெயிண்டுல எழுதுவாங்க. வாசல்ல ஏறினதும் கண்ணுல படற மாதிரி மாட்டியிருக்குது. அதுல அர்த்தநாரி பேரு பதினொரு தடவை இருக்குதுங்க. பதினொண்ணு! பலகையில சுண்ணாம்படிச்ச மாதிரி மேல இருந்து கீழ வரைக்கும் அவன்தான். அந்தப் பதினொண்ணுல ஏழு தடவை கடைசி ஆட்டத்துல அவன்கிட்டத் தோத்தது யாருன்னு கேளுங்க. ஆமாங்க. ஆனா ரெண்டாவதா வந்தவன் பேரெல்லாம் பலகையில எழுதறதில்லீங்க. ஏழு வருசம் நான் வேர்த்து விறுவிறுத்து ஆடினதுக்கு அந்த மரத்துல ஒரு புள்ளி கூட இல்லை. எனக்கு வேற ஆசையெல்லாம் இல்லீங்க. சாகறதுக்குள்ள ஒரு தடவை அந்தப் பலகையில எம் பேரு வரோணும். அவ்வளவுதான்.

இப்ப இந்தக் கோலு நுனியப் பாருங்க. தொறந்தே காட்டறேன். மரம் முடியற எடத்துல வெள்ளையா ஒரு பூணு இருக்குதுங்களா? அந்தப் பூணு மேல ஒட்டியிருக்கறது தோலு. பந்து மேல படறது இந்தத் தோலுதான். தேய்ஞ்சுதுன்னா அறுத்துட்டுப் புதுசு ஒட்டோணும். எங்க கிளப்புல அந்த வேலைய மார்க்கர் சவரிமுத்து செய்வாரு. மார்க்கர்னா மேசையப் பாத்துக்கறவரு, ஆட்டத்துல பாயிண்டு சொல்றவரு. தங்கமான மனுசன். அப்படித்தான் நெனச்சிட்டிருந்தனுங்க.

ரெண்டு வருசத்துக்கு முன்னால ஆவணியில, எங்கோலு தோலு தேய்ஞ்சு போய், சவரிமுத்துகிட்டக் குடுத்திருந்தேன். அப்ப எனக்கு ஆட்டத்தையே வுட்டுறலாமான்னு ஒரு நெனப்பு. வலிங்கறது காரணம் இல்லீங்க. டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருந்தாரு, அவரு மனசு நோகக் கூடாதில்லீங்களா. ஒவ்வொரு அடிக்கும் டக்குன்னு சத்தம் வரும், சுருக்குன்னு முழங்கை வரைக்கும் ஏறும். கண்ணுல தண்ணி வந்துரும். அர்த்தநாரி பாத்துட்டு, என்ன மாப்ளன்னான். தூசிடான்னேன்.

அந்த வாரத்துல ஒரு நாளு அவன் என் பட்டறைக்கு வந்தான். "மாப்ள, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஏதாச்சும் இருக்குதா? ஒரு துண்டு போதும்"ன்னான். எதுக்குடான்னேன். "மண்டியில தராசு ஆடுது. அடியில வெக்கோணும்"ன்னான். எங்கிட்ட ஸ்டார்ட்டர் பொட்டியில மீட்டருக்கு முன்னால மாட்டற தகடு இருக்கும். அதுல ஒண்ணு, நான் ஊசியால கோடு கீறி, அளவு தப்பாப் போயி மூலையில கெடந்துச்சு. எடுத்துக் குடுத்தனுங்க. சும்மாக் குடுத்தனா? "தராசுக்கு அடியில வெக்கறயா, தராசுத் தட்டுக்கு அடியில வெக்கறயா? தேங்கா விக்கறவனெல்லாம் ஒரே களவாணிப் பசங்க"ன்னு நாலு வார்த்தை சொல்லித்தான் குடுத்தேன். சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டுப் போனானுங்க, அந்தப் படுபாவி.

கோலு திரும்பி வந்துச்சு. புதுத் தோலு. மொத அடி அடிச்சேன் பாருங்க, சத்தமே வேற! டக்குன்னு இல்லீங்க, தொப்புன்னு. பஞ்சு மூட்டையில குத்தின மாதிரி. முழங்கைக்கு ஒண்ணும் ஏறல. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. கை பழுத்துருச்சுங்க. இருபது வருசம் ஆடினா ஒரு நாள் கை பழுக்கும்னு நான் எப்பவுமே சொல்லுவேன், அன்னைக்குப் பழுத்துருச்சு. மணிக்கட்ட ஒரு தினுசா எளக்கி வுடறது, அதுல இருக்குது சூட்சுமம். கிளப்புல எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தேன். வேண்டாம்னவங்களையும் வுடல. அர்த்தநாரியையே நிக்க வெச்சு மணிக்கட்டப் புடிச்சு சொல்லிக் குடுத்தனுங்க. "இப்படியா மாப்ள?"ன்னு கேட்டுக் கேட்டு செஞ்சான். சவரிமுத்து அந்தச் சமயம் பாத்து எப்பவும் வெளிய போயிருவாரு. ஏன்னு அப்பத் தெரியல.

தாமரைக்குளம் வந்துருச்சுங்களா? இன்னும் இல்லையா? செரி.

அப்பத்தான் எங்க கிளப்புல கவின்னு ஒரு இஞ்சினியரு சேந்தான். கோயமுத்தூர்ல ஐ.டி. கம்பெனி. அவன் கோல்ல தோலுக்கும் பூணுக்கும் நடுவுல செவப்பா ஒரு வட்டு. வெத்தலை போட்ட ஒதடு மாதிரி தனியாத் தெரியும். என்னடா இதுன்னேன். "பேடு அங்கிள். அடி நேராப் பூணுல எறங்காது, இது தாங்கிக்கும்"ன்னான். எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். பந்தயம்னா மரமும் தோலும் மனுசன் கையும்தான். நடுவுல மெத்தை போட்டு ஆடறதுக்கு வூட்டுலயே படுத்துக்கலாமே? நானெல்லாம் கைய பழுக்க வெச்சு வந்திருக்கறேன், இவன் கடையில வாங்கி ஒட்டிட்டு வந்தா அது ஆட்டமா? மாசம் ஒண்ணாச்சு, இன்னும் மூணு பேரு செவப்பு வட்டு போட்டுட்டாங்க.

வுட்டனா? பொதுக்குழுவுல தீர்மானம் கொண்டாந்தனுங்க. "தோலுக்கும் பூணுக்கும் நடுவுல பசையத் தவிர ஒண்ணும் இருக்கக் கூடாது. இருந்தா ஜெயிச்சது செல்லாது, பலகையில எழுதின பேரையும் அழிக்கோணும்." அழகா வெள்ளைத்தாள்ல எழுதிட்டுப் போனேன். கூட்டத்துக்கு மொத நாளு அர்த்தநாரி என்னைத் தனியாக் கூட்டிக்கிட்டுப் போயி, "வேண்டாம் மாப்ள, சின்னப் பசங்க ஆடிட்டுப் போறாங்க, வுட்டுரு"ன்னான். ஏன்டான்னேன். மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டான். எனக்குப் பளிச்சுன்னு புரிஞ்சு போச்சு. இவனும் வெச்சிருக்கறான்! பதினொரு கப்பு எப்படி வந்துச்சுங்கறீங்க?

கூட்டத்துல தீர்மானத்தப் படிச்சேன். செயலாளரு குப்புராஜு, வக்கீலு, சட்டம்னா அவருக்கு சோறு தண்ணி வேண்டாம். "வழிமொழிபவர் யாரு?"ன்னாரு. ஒருத்தன் கை தூக்கலீங்க. பதினெட்டு பேரு உக்காந்திருக்கறாங்க. நான் தாளப் புடிச்சுக்கிட்டு நடுவுல நிக்கறேன். காது ரெண்டும் சூடாயிருச்சு. வக்கீலு மறுபடியும் கேட்டாரு. "யாரும் இல்லைன்னா தீர்மானம் விழுந்ததா..."ங்கறாரு, அப்ப அர்த்தநாரி எந்திரிச்சு, "நான் வழிமொழியறேன்"ன்னான். வேண்டாம்னு சொன்னவனே! என்னைப் பாக்கக்கூட இல்லீங்க, தரையப் பாத்துக்கிட்டே சொன்னான். எப்பேர்ப்பட்ட தந்திரம் பாருங்க. சந்தேகம் தம்மேல வரக்கூடாதுன்னு தானே வழிமொழியறான். தீர்மானமும் நெறைவேறிருச்சு.

அந்த வருசப் பந்தயம். கடைசி ஆட்டம் எனக்கும் அவனுக்கும். எட்டாவது தடவை. நான் ஆடினேன் பாருங்க, இந்த ஜென்மத்துல அப்படி ஆடினதில்லை. தொப்பு, தொப்பு, தொப்புன்னு ஒவ்வொண்ணாக் குழியில எறங்குது. கருப்புப் பந்தக் கடைசியாப் போடோணும். மூலைக் குழிக்கு அரைச்சாண் தள்ளி நின்னுச்சு. கண்ண மூடிட்டுத்தான் அடிச்சனுங்க, பொய் சொல்ல மாட்டேன். தொறந்து பாத்தா காணம். அர்த்தநாரி கோலத் தூக்கி எறிஞ்சுட்டு வந்து என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டான். "ஜெயிச்சுட்டடா மாப்ள, ஜெயிச்சுட்டடா"ங்கறான், அவனே ஜெயிச்ச மாதிரி. சவரிமுத்து துண்டால கண்ணத் தொடைக்கறாரு. பெயிண்டரு அங்கயே இருந்தாரு. ஏணி போட்டு எழுதிட்டாருங்க. தெய்வசிகாமணி. முழுசா ஒரு வரி புடிச்சுது எம் பேரு.

அதோட நான் வீட்டுக்குப் போயிருக்கோணும். சுலோசனா இன்னைக்கும் அதையேதான் சொல்லுவா. ஆனா எனக்கு மனசு ஆறலீங்க. வட்டு வெச்சுக்கிட்டும் எங்கிட்டத் தோத்தான்னு ஊருக்குத் தெரிய வேண்டாமா? "ரெண்டு கோலையும் அறுத்துப் பாக்கோணும், சட்டம்னா சட்டம்"ன்னேன். அர்த்தநாரி கிட்ட வந்து, மெதுவா, "மாப்ள, ஜெயிச்சுட்ட. வூட்டுக்குப் போடா"ன்னான். பாத்தீங்களா, பயம்! சத்தம் போட்டேன். "அறுங்க சவரிமுத்து!"

அவன் கோல அறுத்தாங்க. தோலு, பசை, பூணு. நடுவுல ஒண்ணும் இல்லீங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. செரி, மனுசன் யோக்கியன்தான் போல, மன்னிப்புக் கேட்டுக்கலாம்னு நெனச்சேன். அப்ப அந்த வக்கீலு, "ரெண்டு கோலும்னுதான சொன்னீங்க?"ன்னாரு. "தாராளமா"ன்னேன். நெஞ்ச நிமித்திக்கிட்டு. சவரிமுத்து பிளேடக் கீழ வெச்சுட்டு, தலை சுத்துதுன்னு பெஞ்சுல உக்காந்துட்டாரு. அர்த்தநாரி சன்னலுக்கு வெளிய பாக்கறான். யாரும் வேண்டாம், நானே அறுக்கறேன்னு பிளேட எடுத்தனுங்க. என் கையால. இதே கையால.

தோலு வந்துச்சு. பூணு வெள்ளையாத் தெரிஞ்சுது. "பாருங்க!"ன்னேன். வக்கீலு மட்டும், "ஏதோ விழுந்துச்சே"ன்னாரு. பச்சைத் துணியில ஒண்ணும் தெரியல. குனிஞ்சு விரலால தடவிக்கிட்டே போனாரு. ஒரு எடத்துல விரலு நின்னுது. எடுத்து லைட்டுக்கு நேராப் புடிச்சாரு. கண்ணாடி மாதிரி ஒரு வட்டு. செவப்புன்னாத் தெரிஞ்சிருக்கும். இது வெள்ளைப் பூணு மேல உக்காந்தா அதுவும் பூணாட்டவே இருந்திருக்குது. யாரு கண்ணுக்கும் தெரியாம, அடிய மட்டும் வாங்கிட்டு இருந்திருக்குது. அதுல குறுக்கால ஒரு கோடு. நான் ஊசியால கீறின கோடுங்க.

தராசு ஆடுதாம், தராசு!

சவரிமுத்து எல்லாத்தையும் ஒப்புவிச்சுட்டாரு. அர்த்தநாரி சாரு கொண்டாந்து குடுத்தாரு, தோலுக்கு அடியில வெச்சு ஒட்டச் சொன்னாரு, எனக்குத் தெரியக் கூடாதுன்னாருன்னு. பெயிண்டரு இன்னும் ஏணியக்கூட எடுக்கல, மறுபடியும் மேல ஏறி எம் பேர அழிச்சாரு. நான் எழுதின தீர்மானம், என் கையெழுத்து. நான் அர்த்தநாரி சட்டையப் புடிச்சுட்டனுங்க. அத்தனை பேருக்கும் முன்னால. "என்னைக் கவுக்கறதுக்கு வருசக்கணக்காத் திட்டம் போட்டயாடா?"ன்னேன். அவன் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான். "உனக்குக் கை வலிச்சுது, மாப்ள." அவ்வளவுதான். சட்டைய வுடுவிச்சுக்கிட்டுப் போயிட்டான்.

என்னங்க? என்ன கேட்டீங்க? வட்டு வெச்சது மொதல்ல, தீர்மானம் வந்தது அப்புறம், பின்ன எப்படித் திட்டம் போட முடியும்ங்கறீங்களா? அங்கதான் இருக்குது அவன் மூளை. நான் இப்படி ஒரு தீர்மானம் கொண்டாருவேன்னு அவனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குது. நாப்பத்தஞ்சு வருசமா என்னைப் பாக்கறவனாச்சே. என்ன சிரிக்கறீங்க? சுலோசனாவும் இதே மாதிரித்தான் சிரிச்சா. "உங்ககிட்டச் சொல்லிட்டுச் செஞ்சிருந்தா ஒத்துக்கிட்டிருப்பீங்களா?"ன்னு கேட்டா. ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன். அதுக்காக?

அந்த வருசம் கப்பு சட்டப்படி அவனுக்குத்தான். அவன் வேண்டாம்னுட்டான். பலகையில அந்த ஒரு வரி காலியா இருக்குதுங்க. காலின்னா முழுக்கக் காலியும் இல்லை. பெயிண்டரு மேல பூசினது மெல்லிசு. சாயங்கால வெயிலு சாய்வா அடிக்கறப்ப உள்ள இருந்து எம் பேரு லேசாத் தெரியும். தெனமும் அஞ்சரைக்கு நான் அங்க போயி நிக்கறது அதுக்காக இல்லீங்க, காத்து வாங்க.

அதுக்கப்புறம் அவன் கிளப்புக்கு வரல. பதினொரு மாசம். நான் கோலுக்கு நேர்மையா வெறும் தோல மட்டும் ஒட்டி ஆடறேன். எல்லார்கிட்டயும் தோக்கறேன். அந்தக் கவின் பையன் கூட எங்கிட்ட வேணும்னே ரெண்டு பந்த வுட்டுக் குடுக்கறானுங்க, எனக்குத் தெரியாதா? பனி சீசன், மரம் ஈரம் இழுத்துருச்சு, அதான். போன வாரம் காப்பி டம்ளரு கையில இருந்து நழுவிருச்சு. அதுவும் ஈரந்தான்.

ஆடறதுக்கு ஆளே இல்லீங்க. பதினெட்டு பேரு இருக்கறாங்க, ஆளே இல்லை. நான் ஒரு நல்ல அடி அடிச்சா, "அடப்பாவி"ன்னு திட்டறதுக்கு ஒருத்தன் வேண்டாமா? "சூப்பர் அங்கிள்"ங்கறாங்க. சூப்பராம்.

வர்ற ஞாயித்துக்கெழமை பொதுக்குழு. இந்தத் தாளப் பாருங்க. படிங்க, சத்தமா வேண்டாம். "முந்தைய தீர்மானத்தை ரத்து செய்யுமாறு..." முன்மொழிபவர், தெய்வசிகாமணி. வழிமொழிபவர்னு போட்டு எடம் வுட்டிருக்கறேன். யாரு வேணும்னாலும் கையெழுத்துப் போடலாம், கவின் பேனாவத் தொறந்துக்கிட்டு நிக்கறான். ஆனா போன தடவை வழிமொழிஞ்சவன்தான் இந்தத் தடவையும் வழிமொழியோணும். அப்படிச் சட்டம் இருக்குதான்னு வக்கீலக் கேட்டேன், இல்லைன்னாரு. சட்டத்துல இல்லாட்டி என்னங்க, மொறைன்னு ஒண்ணு இருக்குதில்ல?

சட்டைப் பையில இருக்கறதா? அதுதாங்க அந்த வட்டு. தூக்கிப் போடத்தான் நெனச்சேன், போடற எடத்துல காணாமப் போயிருமேன்னு வெச்சுக்கிட்டேன். பசை டியூபு எதுக்குன்னு கேக்காதீங்க. வழியில ஒரு அவசரத்துக்கு இருக்கட்டும்னு எடுத்துட்டு வந்தது.

தாமரைக்குளம் எப்பத் தாண்டுச்சு? ஐயோ, பாலம் தெரியுது. கண்டக்டர், கீழ போங்க, கீழ! ஒரு ஆளு எறக்கம்! உக்கடத்துக்கு அடுத்த வண்டியில போய்க்கறேன், டிக்கெட்டு போனாப் போகுது. மண்டி ஸ்டாப்புக்குப் பக்கத்துலதான்.

ஏனுங்க, இந்தக் கோல நீங்க கொஞ்சம் புடிச்சுக்கிட்டு படி வரைக்கும் வரீங்களா? கம்பியப் புடிச்சா கோலப் புடிக்க முடியல. கோலப் புடிச்சா கம்பியப் புடிக்க முடியல. கை வலிக்குதுங்க. நெம்ப நாளா வலிக்குதுங்க.

இல்லீங்க, சண்டையெல்லாம் போட மாட்டேன். மன்னிப்பும் எனக்குக் கேக்க வராது. மொத வார்த்தை என்ன பேசறதுன்னு பொள்ளாச்சியில இருந்து யோசிச்சுட்டுத்தான் வரேன். அவன் மண்டியில உக்காந்திருப்பான். நேரா உள்ள போயி, நின்னு, ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன்.

"ஏன்டா மாப்ள, தராசு இன்னும் ஆடுதா?"